பெயர் கூப்பிடும் நேரம்

மேற்குப் பக்கத்துக் கூடாரத் தோலில் ஒரு ஓட்டை இருந்தது. அதன் வழியாக வந்த வெயில் தூங்குகிறவரின் கணுக்காலில் விழுந்திருந்தது, அது ஊர்ந்து ஊர்ந்து முழங்காலுக்கு வந்துவிட்டால் சேலோமி வந்துவிடுவான் என்று மில்காளுக்குத் தெரியும். வாசலில் கோலை ஊன்றி நின்று, ஓகாத் என்று கூப்பிடுவான். இவர் படுத்தபடியே, இதோ இருக்கிறேன் என்பார். கோல் சத்தம் திரும்பிப் போகும். முப்பத்தெட்டு வருஷமாகச் சாயங்காலந்தோறும் நடக்கிற காரியம்தான், இதற்கு முன் சேலோமியின் அப்பா கூப்பிட்டார், அவர் குரல் தடித்த குரல், பெயர்களைச் சொல்லி முடிப்பதற்குள் அடைத்துக்கொள்ளும், அப்போது அத்தனை பெயர்கள் இருந்தன. இப்போது ஒன்று. பன்னிரண்டு கோத்திரத்திலும் சேர்த்து ஒன்றே ஒன்று. வெளியே யாரோ முளைக்குச்சியைத் தட்டிப் பிடுங்குகிற சத்தம் கேட்டது, பிறகு இன்னொருவர், பிறகு கயிறு சுருட்டுகிற சத்தம். பொழுது விடிந்ததிலிருந்து பிடுங்கிக்கொண்டே இருக்கிறார்கள், இன்னும் பிடுங்க என்ன மிச்சம் இருக்கிறது. வழி காட்டுகிற மேகம் ஓடைக்கு மேலே அசையாமல் நின்றது, அது நகர்ந்தால்தான் பாளையமும் நகரும். சேரேத் ஓடை பெரிய ஓடை இல்லை, முட்டளவு தண்ணீர், அக்கரையில் புல் தெரிகிறது, கழுதைகள்கூட அந்தப் பக்கம் பார்த்தே நிற்கின்றன. ஆனால் இந்தப் பெயர் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் வரை ஒருவரும் தண்ணீரில் கால் வைக்க முடியாது. அவருடைய மூச்சு நின்று, பிறகு வந்தது. மில்காள் தானும் மூச்சை நிறுத்தியிருந்ததை அப்போதுதான் உணர்ந்தாள்.

காய்ச்சல் பெரிதில்லை, வெறும் அலுப்புக் காய்ச்சல், இரண்டு நாள் படுத்தால் போய்விடும், அவள் அதைத்தான் எல்லோரிடமும் சொன்னாள், சொல்லச் சொல்ல எதிரே நின்றவர்களின் முகத்தில் ஒரு சின்ன வாட்டம் வந்து மறைந்ததையும் பார்த்தாள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களில் பாதிப் பேருக்கு அவள்தான் தொப்புள்கொடி அறுத்தாள். வனாந்தரத்தில் பிறந்தவர்கள், மணலைத் தவிர ஒன்றையும் பார்க்காதவர்கள், கிணறு என்றால் என்ன வீடு என்றால் என்ன என்று அப்பன் சொல்லிக் கேட்டவர்கள், அந்த அப்பன்களையும் ஒருவர் பின் ஒருவராகப் புதைத்தவர்கள். எகிப்தைவிட்டு வந்த மறுவருஷம் இருபது வயதும் அதற்கு மேலும் உள்ள ஆண்களை எண்ணினார்கள். எண்ணப்பட்டவர்கள் கானானைப் பற்றிக் கேட்டுப் பயந்து, எகிப்துக்கே திரும்பிவிடலாம் என்று விடிய விடிய அழுதார்கள். அழுத குற்றத்துக்கு, உங்களில் ஒருவனும் அந்தத் தேசத்துக்குள் போகமாட்டான், இங்கேயே விழுவீர்கள் என்று தீர்ப்பு வந்தது, வேவு பார்த்து வந்து நல்ல வார்த்தை சொன்ன இரண்டு பேரைத் தவிர. பெண்களை யாரும் எண்ணவில்லை. எண்ணாததால் பெண்களுக்குத் தீர்ப்பும் இல்லை. மில்காள் போவாள். எண்ணப்பட்டவர்களில் மிஞ்சியிருந்த இன்னொருவர் ஏனான், அவரும் பத்து நாளைக்கு முன்னால் வரை நன்றாகத்தான் இருந்தார், அப்போது இரண்டு பெயர்கள் இருந்தன, சேலோமி இரண்டு வாசலிலும் நிற்பான். ஏனான் சாயங்காலம் தோல்பையை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனார். இருட்டுகிறதே என்று துணைக்கு நாலைந்து பையன்கள் போனார்கள். கால் இடறி விழுந்துவிட்டார் என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். தோல்பை நிரம்பி இருந்தது, வாய் கட்டி இருந்தது, ஒரு சொட்டு சிந்தவில்லை. மில்காள் அந்தக் கட்டைப் பார்த்தாள். ஏனானின் மகளும் பார்த்தாள். அந்தத் தண்ணீரில்தான் அவரைக் குளிப்பாட்டினார்கள்.

படுத்திருந்தவர் புரண்டார், மேலாடை தோளிலிருந்து நழுவியது, விலாவுக்கு நேரே அந்தத் தையல் தெரிந்தது. மில்காள் அதைப் பார்க்காமல் இருக்கப் பழகியிருந்தாள். இந்த வழி நெடுக ஒருவருடைய துணியும் கிழியவில்லை, செருப்பும் தேயவில்லை, அது பெரிய தயவு என்று எல்லோரும் சொல்கிறார்கள், அவளும் சொல்வாள், ஆனால் இந்த ஒரு துணியாவது நைந்து போயிருக்கக் கூடாதா. எகிப்தைவிட்டு வந்த வருஷமே ரெபிதீம் சண்டையில் அமலேக்கியனின் கத்தி போன இடம் அது. ஒரு சாண் நீளம். உள்ளே இருந்த உடம்பு ரெபிதீமின் மணலுக்குள் போய்விட்டது, துணி அப்படியே இருக்கிறது, அவள் போட்ட தையல் இன்றைக்குப் போட்டது போல இருக்கிறது, ஒரு இடத்தில் மட்டும் நூல் கோணலாக ஓடியிருக்கும். அவள் புருஷன் ஓகாத்தை அந்தத் துணியோடு கொண்டுவந்து போட்டார்கள். மூன்று நாள் இருந்தான். அவளுக்கு அப்போது குழந்தை இல்லை. மூன்று நாளும் பெரியப்பன் சாமுவா வாசலில் தலையை நீட்டிப் பார்த்தார், சாகிறவனைப் பார்க்கவில்லை, இவளைப் பார்த்தார், சந்தையில் ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறவன் பார்ப்பது போல. பிள்ளை இல்லாமல் இறந்தவனின் மனைவி அவன் சகோதரனுக்கு, சகோதரன் சின்னவனாக இருந்தால் நெருங்கிய உறவில் பெரியவனுக்கு, அதுதான் முறை, இறந்தவனின் பெயர் அழியாமல் இருக்க வேண்டுமே. சாமுவா இரண்டு மனைவிகளைப் புதைத்தவர், ஒருத்திக்குக் காது கேட்காது, அடித்து அடித்துக் கேட்காமல் போனது. கொழுந்தன் யாமினுக்குப் பதினெட்டு வயது. அண்ணி, தண்ணி காய வைக்கட்டுமா, அண்ணி, நீங்க கொஞ்சம் படுங்க, நான் முழிச்சிருக்கேன். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே முகம், ஒரே நடை, எகிப்தின் செங்கல் சூளையில் மேஸ்திரிகூட மாற்றி அடிப்பான். மூன்றாம் நாள் விடியற்காலையில் ஓகாத்தின் மூச்சு நின்றது. அவளுடைய அழுகைச் சத்தம் கேட்டு சேலோமியின் அப்பா வந்து வாசலில் நின்று, யாரம்மா, பெரியவனா இளையவனா என்று கேட்டார். அவருக்குப் பின்னால் சாமுவாவின் செருப்பு தெரிந்தது. செருப்பு மட்டும்தான் தெரிந்தது.

இளையவன் என்றாள். இளையவன் போய்ட்டான். அவ்வளவு சின்ன வார்த்தை, வாயைவிட்டுப் போனபோது அதற்குக் கனமே இல்லை. யாமின் உள்ளே அண்ணனின் தலையை மடியில் வைத்திருந்தான், அதைக் கேட்டான். அடக்கம் செய்யும்போது எல்லோரும் இளையவனுக்காக அழுதார்கள், அவனும் நின்று தன் சாவுக்கு அழுகிறவர்களைப் பார்த்தான். அன்று சாயங்காலம் அவன் அண்ணனின் மேலாடையைத் துவைத்துக் கொண்டுவந்து, இதைத் தச்சுத் தாங்க என்றான். அண்ணி என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்த வார்த்தையை அவன் சொன்னதே இல்லை. எப்போதிலிருந்து அவன் அவர் ஆனான் என்று அவளுக்குச் சொல்லத் தெரியாது, பெலேத் வயிற்றில் வந்தபோதா, அல்லது எண்ணுகிற நாளில் சீனாய் மலையடியில் வரிசையில் ஓகாத் என்று கூப்பிட்டதும், இருபதைத் தொடாத அந்தப் பையன், இதோ இருக்கிறேன் என்று முன்னால் அடி வைத்தானே, அப்போதா. அடி வைப்பதற்கு முன் பெண்கள் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தான். அவள் மாவுத் தொட்டியைப் பார்த்தாள். தலையை அசைத்திருந்தால் போதும். ஆனால் யாருக்குத் தெரியும், அது படைக்கு ஆள் எண்ணுகிறார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், சாவுக்கு எண்ணுகிறார்கள் என்று யார் நினைத்தார்கள். தீர்ப்பு வந்த பிறகாவது சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் இருந்தாள். அந்த வாரம்தான் ஓய்வுநாளில் சுள்ளி பொறுக்கினான் என்று ஒருவனைப் பாளையத்துக்கு வெளியே கொண்டுபோய்க் கல்லெறிந்தார்கள். தூரத்தில் இருந்ததால் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை, சத்தம் மட்டும் வந்தது, முதலில் அடர்த்தியாக, பிறகு ஒன்று, பிறகு இன்னும் ஒன்று, எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்த பிறகு கடைசியாக ஒன்று. சுள்ளிக்கே அது என்றால், சந்நிதியில் செத்தவன் பெயரைச் சொல்லி நின்றவனுக்கு என்ன. அந்தக் கடைசிக் கல் இன்றுவரை அவள் தொண்டையில் இருக்கிறது. சொல்ல வாயெடுத்தால் அதில் வந்து இடிக்கும்.

"மதினி, முழிச்சிருக்கீங்களா?" பாஸ்மாத் தலையைக் குனிந்து உள்ளே வந்தாள், அடுத்த கூடாரத்துக்காரி, கையில் எண்ணெய் பூசிய அப்பம் இரண்டு, காலையில் வானத்திலிருந்து விழுகிற மன்னாவில் சுட்டது. "சூடா இருக்கு. அண்ணன் சாப்பிடுவாங்களா?"

"முழிச்சதும் கொடுக்கிறேன். வை."

பாஸ்மாத் வைத்துவிட்டுப் போகவில்லை. உட்கார்ந்தாள். "நேத்தைக்கு இன்னைக்கு எப்படி?"

"பரவாயில்லை."

"பரவாயில்லையா." அந்த வார்த்தையை அவள் உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்ப்பது போலச் சொன்னாள். "நல்லது. என் வீட்டுக்காரர் கூடாரத்தையே சுருட்டிட்டாரு. ரெண்டு ராத்திரியா வானத்தைப் பாத்துதான் படுத்திருக்கோம். உங்க பெலேத் ரெண்டு முளையை மட்டும் விட்டு வச்சிருக்கான், பாத்தீங்களா? ஏண்டா அதையும் பிடுங்குன்னா, இது எங்கப்பாவுக்காகங்கறான். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான்." அவளும் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "மருமகளுக்கு நாள் நெருங்கிடுச்சு மதினி. வயிறு இறங்கிடுச்சு. மணல்ல பெக்கணுமான்னு அழுவுது. அக்கரையில போய்ப் பெத்தா அந்தப் பிள்ளை அந்த மண்ணுக்காரன். நான் யாரையும் குறை சொல்லலை. சும்மா சொன்னேன்."

"சும்மாதான் சொல்றே."

"நீங்க கோவிச்சுக்கிட்டீங்க."

"இல்லை பாஸ்மாத். அப்பம் ஆறுது."

பாஸ்மாத் எழுந்து, படுத்திருப்பவரைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள், கண்களில் ஈரம் இருந்தது, உண்மையான ஈரம், அதுதான் மில்காளைப் பயமுறுத்தியது. வெறுக்கிறவர்களிடம் எச்சரிக்கையாக இருக்கலாம். இவர்கள் அழுதுகொண்டே செய்வார்கள். ஏனானுக்கும் அழுதார்கள், துணைக்குப் போன பையன்கள்தான் எல்லோரையும்விட அதிகம் அழுதார்கள். பெலேத் போனானா அன்றைக்கு. நாலைந்து பேர் என்றார்கள், நாலா ஐந்தா என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் பெயர் சொல்வார்கள். பெலேத் அன்றைக்கு ராத்திரி சாப்பிடாமல் படுத்தான், வயிறு சரியில்லை என்றான், வயிறு சரியில்லாமல் போவது எல்லோருக்கும் உண்டு. வெளியே பிள்ளைகள் விளையாடுகிற சத்தம் வந்தது, ஒருத்தி கூப்பிடுவாள், ஓகாத், ஓகாத், மற்றவர்கள் மணலில் விழுந்து கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், சிரித்தவர்கள் தோற்றவர்கள். பேத்தியின் குரல் அது. நன்றாகக் கூப்பிடுகிறாள், சேலோமியைப் போலவே இழுத்து.

அவள் அப்பத்தைப் பிய்த்தாள். எண்ணெய் மணம். மன்னா பெயர் கேட்டு விழவில்லையே என்று நினைத்தாள், இதை எத்தனையோ காலையில் நினைத்திருக்கிறாள், தலைக்கு ஒரு ஓமர் அளவு, கூடப் பொறுக்கினாலும் கூடுவதில்லை, குறையப் பொறுக்கினாலும் குறைவதில்லை, இவருக்கும் ஒரு ஓமர் சரியாக இருந்தது, மேலே இருந்து போடுகிறவருக்கு இந்த வாய் யாருடைய வாய் என்று தெரியாமலா இருக்கும். தெரியும் என்றால் இவர் தீர்ப்பில் இல்லை. எண்ணப்பட்டவன் ஓகாத், ஓகாத் எண்ணுவதற்கு முன்பே விழுந்துவிட்டான், கணக்கு எப்போதோ முடிந்துவிட்டது. அப்படியானால் மேகம் ஏன் நிற்கிறது. கணக்கு முடியவில்லை என்றுதானே நிற்கிறது. தீர்ப்பு பெயருக்கா உடம்புக்கா, அடி எடுத்து வைத்த காலுக்கா, இதோ இருக்கிறேன் என்ற வாய்க்கா. அல்லது மேகம் கணக்குக்காக நிற்கவே இல்லை, இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க நிற்கிறது. அந்த நினைப்பைத் தள்ளிவிட்டு மறுபடி அப்பத்தைப் பிய்த்தாள், பிய்க்க ஒன்றும் இல்லை, எல்லாம் பொடியாகி மடியில் கிடந்தது. வெயில் முழங்காலுக்குக் கீழே வந்திருந்தது.

"எழுந்திருக்கீங்களா?"

"எப்பவோ." அவர் கண்ணைத் திறக்கவில்லை. "பாஸ்மாத் வந்தபோதே."

"ஒரு காரியம் சொல்றேன். கேக்கணும்." அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். "இன்னைக்கு அவன் கூப்பிட்டா பதில் சொல்லாதீங்க."

அவர் கண்ணைத் திறந்து கூடார உச்சியைப் பார்த்தார்.

"பதில் வரலைன்னா ஓகாத் இறந்துட்டான்னு ஆயிடும். அது பொய்யும் இல்லையே. அவர் இறந்துதானே போனாரு. மேகம் கிளம்பட்டும். எல்லாரும் போற சந்தடியில நாமளும் போயிடலாம். கேட்டா நான் சொல்லிக்கிறேன், இது அவர் தம்பின்னு."

"நாப்பது வருஷமா செத்துக் கிடந்த தம்பி."

"சிரிக்காதீங்க."

"சிரிக்கலை மில்கா." அவர் கையை நீட்டி மேலாடையின் தையலைத் தடவினார், பார்க்காமலே விரல் அந்தக் கோணலான இடத்துக்குப் போனது. "சாயங்காலத்துக்குச் சாயங்காலம் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுறாங்க. நான் இருக்கேன்னு சொல்றேன். அந்த ஒரு நேரம் அவன் இருக்கான். நான் வாயை மூடிக்கிட்டா அவனை யார் கொன்னதுன்னு ஆகும்?"

"அமலேக்கியன் கொன்னான்."

"ஒரு தடவை கொன்னான்."

அவளுக்குக் கோபம் வந்தது, வயதான கோபம், கையில் பலமில்லாத கோபம். செத்தவனுக்கு இவ்வளவு. உயிரோடு இருக்கிறவளுக்கு ஒன்றும் இல்லையா. "நான் யார்கிட்ட இருக்கப் போறேன்னு நினைச்சீங்களா?" என்று கேட்டாள். வெளியே பிள்ளைகளின் விளையாட்டு நின்றுவிட்டது. முளை பிடுங்குகிற சத்தமும் நின்றுவிட்டது. வெயில் முழங்காலில் இருந்தது, எப்போது ஏறியது. கோல் சத்தம். அதோடு கூட வேறு காலடிகள், சேலோமி எப்போதும் தனியாகத்தான் வருவான்.

மில்காள் எழுந்து திரையை விலக்கி வெளியே வந்து, தனக்குப் பின்னால் அதை மூடினாள். சேலோமி நின்றான், நாற்பது வயதுக்காரன், நல்லவன், அவன் பெண்ணுக்குப் பிரசவம் பார்த்தவள் அவள். பின்னால் ஏழெட்டு ஆண்கள். அவர்களுக்குப் பின்னால் கூடாரங்கள் இல்லை, கட்டிய மூட்டைகளும் கழுதைகளும் உட்கார்ந்திருக்கிற பெண்களும்தான், பாளையம் முழுவதும் மொட்டையாக இருந்தது, நின்றிருந்தது இந்த ஒரு கூடாரம்தான். பெலேத் ஓரமாக நின்று ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கூடாரம் இருந்த இடத்தில் முளை எதுவும் இல்லை.

"கூப்பிடாதே சேலோமி," என்றாள். "ஒரு வார்த்தை கேளு. ஓகாத் ரெபிதீம்லயே இறந்துட்டாரு. உள்ள இருக்கிறது அவர் தம்பி யாமின். எண்ணும்போது இவனுக்கு இருபது ஆகலை." கல் தொண்டையில் இருந்தது, அதைச் சுற்றிக்கொண்டு வார்த்தைகள் வந்தன. "உங்கப்பா வந்து கேட்டப்போ நான்தான் மாத்திச் சொன்னேன்."

யாரும் கோபப்படவில்லை. சேலோமி தலையைக் குனிந்து கேட்டான். "இது யாருக்குத் தெரியும் பெரியம்மா?"

"எங்க ஆளுங்கள்ல சிலருக்குச் சந்தேகம் இருந்திருக்கும். உங்கப்பாவுக்குக்கூட."

"அவங்க யாராவது இருக்காங்களா?"

இல்லை. சந்தேகப்பட்ட ஆண்கள் எல்லோரும் அப்போதே இருபதுக்கு மேல். எல்லோரும் மணலுக்குக் கீழே. அதை அவன் சொல்லவில்லை, அவளாகவே அதைப் புரிந்துகொள்ளும்வரை பொறுமையாக நின்றான். "எந்தப் பெண்ணும் தன் வீட்டுக்காரருக்காக இதைத்தான் சொல்லுவா பெரியம்மா," என்றான் மெதுவாக. "ஏனான் பொண்ணும் ஏதேதோ சொல்லிச்சு." பிறகு கோலை ஊன்றி, அவள் தலைக்கு மேலாக, அவன் அப்பாவின் குரலில் கூப்பிட்டான். "ஓகாத்."

சொல்லாதே. அவள் உதடு அசையாமல் சொன்னாள். சொல்லாதே, சொல்லாதே. காற்றில் ஒரு கயிறு எங்கோ தட்டிக்கொண்டது. எங்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், கழுதைகள்கூட. பெலேத் இப்போதும் ஓடையையே பார்த்தான், ஆனால் அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது, பதில் வராது, இப்போதே இந்தக் கூட்டம் கத்திக்கொண்டு எழுந்து தண்ணீரில் இறங்கும் என்று.

"இதோ இருக்கிறேன்," என்றார் அவர் உள்ளிருந்து, தெளிவாக, காய்ச்சல் இல்லாதவர் போல.

கோல் சத்தம் திரும்பிப் போகவில்லை.

திரை விலகியது. அவர் மேலாடையைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தார், கையில் காலியான தோல்பை. கூட்டத்தைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், மகன் திரும்பவில்லை. "தண்ணி இல்லை," என்றார் பொதுவாக. "போய் எடுத்துட்டு வர்றேன்."

"இருட்டப் போகுது பெரியப்பா," என்றான் பின்னால் நின்ற ஒருவன், அன்பாக. "நாங்களும் துணைக்கு வர்றோம்."

மில்காள் அவர் கையிலிருந்து தோல்பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். ஓடைக்குப் போகிற சரிவில் இருவரும் இறங்கினார்கள், அவர் முன்னால், அவள் அவர் முதுகுக்கு நேரே பின்னால், அவளைத் தாண்டித்தான் யாரும் வர வேண்டும். தையல் அவள் கண்ணுக்கு நேரே போய்க்கொண்டிருந்தது. அக்கரைப் புல்லில் கடைசி வெயில் இருந்தது. பின்னால் மணலில் காலடிகள் கேட்டன. அவற்றில் ஒன்று, வலது காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கிற காலடி, அவள் நடக்கக் கற்றுக்கொடுத்த காலடி. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, பின்னால் வருகிற எல்லோருக்கும் கேட்கும்படி, "யாமின், அங்க கல்லு இருக்கு, பாத்து நட," என்றாள்.

முன்னால் நடந்தவன் நின்றான். பிறகு கல்லைத் தாண்டிக் கால் வைத்தான்.

"சரி அண்ணி," என்றான்.

பின்னால் வந்த காலடிகள் நிற்கவில்லை.